முதுகுத் தெளிப்பான்: தேவைக்கேற்றதைத் தெரிந்தெடுக்கும் முறை

செஞ்சிக்கு வடக்கே, திருவண்ணாமலை மாவட்டத்தின் எல்லையை அடுத்துள்ள மேல்மலையனூர் வட்டாரத்தில், ஏரியும் கிணறும் பாயும் நிலங்களில் நெல்லும், மேட்டு நிலங்களில் மணிலாக்கொட்டையும் உளுந்தும், ஆங்காங்கே கரும்பும் காய்கறிகளும் பயிராகி வருகின்றன. இப்பயிர்களுக்குப் பூச்சிமருந்தோ, பூசண மருந்தோ, களைக்கொல்லியோ தெளிக்க நேரிடும்போது குடியானவர்கள் பெரும்பாலும் நாடுவது முதுகில் மாட்டிக்கொள்ளும் தெளிப்பானையேயாகும். ஊர் வழக்கில் இதற்கு 'டேங்கு' என்றே பெயர். இன்ன பூச்சிக்கு இன்ன மருந்து என்று நாலு பேரிடம் விசாரித்து வாங்குகிறவர்கள், அம்மருந்தைப் பயிரின்மேல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய கருவியை மட்டும், கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கி வருகின்றனர். கருவி தகுதியற்றதாயின் மருந்து எவ்வளவு உயர்ந்ததாயினும் இலையில் படுவது கொஞ்சமாகவும், மண்ணிலும் காற்றிலும் சுமப்பவரின் உடம்பிலும் படுவது அதிகமாகவும் முடியும். ஆகையால் கருவியைத் தெரிந்தெடுப்பதில் கவனிக்க வேண்டிய விஷயங்கள் இங்கே விவரிக்கப்படுகின்றன.

அமாவாசைதோறும் அங்காளம்மன் சந்நிதிக்கு வரும் யாத்திரிகர்கள் முதுகில் மூட்டை சுமந்து வருவதைப் பார்க்கலாம். களைத்த இடத்தில் அவர்கள் மூட்டையை இறக்கி வைத்து இளைப்பாறுவார்கள். தெளிப்பானைச் சுமப்பவருக்கு அந்த வசதி இல்லை. நிறைந்த கருவியை வயலின் நடுவே இறக்கி வைத்து மறுபடியும் தூக்கி மாட்டுவது எளிதன்று. எனவே அது காலியாகும் வரையில் அவர் நடந்தே தீரவேண்டும். வாங்குகிறவர் பெரும்பாலும் பட்டாதாரர். சுமப்பவர் பெரும்பாலும் கூலியாள். கருவியின் குற்றங்களை வாங்கியவர் அறியாமலே காலங்கழிவதற்கு இதுவே முக்கிய காரணம்.

இக்கருவியின் பிறப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1885-ம் வருஷத்தில் பிரான்சு தேசத்தில் போர்தோ நகரைச் சார்ந்த மில்லர்தே என்னும் பேராசிரியர், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கலவையானது திராட்சையின் அடிச்சாம்பல் நோயைத் தடுப்பதை வெளியிட்டார். துடைப்பத்தாலும் கைப்பிடித் தழையாலும் அக்கலவையைத் தோட்டம் முழுவதும் தெளித்து மாளாதென்று கண்டு, முதுகில் சுமந்து கைநெம்பினால் அழுத்தம் கொடுக்கும் கருவிகள் அந்நாட்டிலேயே உண்டாயின. வில்பிராஞ்சு என்னும் ஊரில் வெர்மொரெல் என்பவர் செய்து விற்ற தெளிப்பான் உலகெங்கும் பரவியது. பழைய கருவிகளின் தொட்டி செம்பாலும் பித்தளையாலும் ஆனது. அவை நெடுநாள் உழைத்தாலும் கனம் அதிகம். தற்காலத்துத் தொட்டிகள் பிளாஸ்டிக்கினால் ஆனவை. தொட்டியின் பாரம் குறைந்தும் சுமக்கும் மொத்தப் பாரம் குறையவில்லை. ஏனெனில் பாரத்தில் பெரும்பங்கு தண்ணீருடையது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதை எந்தச் சாமர்த்தியத்தாலும் குறைக்க முடியாது.

பாரத்தின் கணக்கு

கைத்தெளிப்பானால் மணிலாப் பயிருக்கு மருந்து தெளிக்கும்போது ஏக்கருக்கு ஏறக்குறைய 200 லிட்டர் கலவை பிடிக்கிறது. 16 லிட்டர் தொட்டியானால் பன்னிரண்டரைத் தடவை நிரப்பவேண்டும். ஒரு நடையில் ஒரு மீட்டர் அகலம் நனைவதாக வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டராகையால், நடக்கவேண்டிய தூரம் நான்கு கிலோமீட்டருக்கு மேலாகிறது. கிணற்றடிக்கும் வரப்புக்கும் போய்வரும் நடை இதில் சேரவில்லை. கைநெம்பை நிமிஷத்திற்கு 15 முதல் 20 தரம் இயக்கவேண்டுமாகையால் ஒரு மணி நேரத்தில் சுமார் ஆயிரம் தரம் இடக்கை மேலும் கீழும் போய்வருகிறது. இவ்வளவையும் செய்துகொண்டே வலக்கையால் தெளிகுழலை ஒரே உயரத்தில் பிடித்து, கண்ணை இலையின்மேல் வைத்திருக்கவேண்டும். களைத்த ஆளின் தெளிப்பு காலையில் ஒருவிதமாகவும் பத்து மணிக்கு வேறுவிதமாகவும் இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வயலின் ஒரு கோடியில் பூச்சி மடிந்து மறுகோடியில் மடியாதிருப்பதற்கு மருந்தைக் குறைசொல்லுவதற்கு முன் இதை நினைக்கவேண்டும்.

வெறும் கைத்தெளிப்பான் சுமார் 5 கிலோ நிறையுள்ளது. 16 லிட்டர் நிரப்பினால் 21 கிலோ. பேட்டரித் தெளிப்பானில் பேட்டரியின் நிறை சேர்ந்து 22 அல்லது 23 கிலோவாகிறது. பெட்ரோலால் ஓடும் விசைத்தெளிப்பான் வெறுமையாகவே 11 கிலோவை ஒட்டியிருக்கும். 10 லிட்டர் கலவையுடன் 21 கிலோவுக்கு மேற்படுகிறது. இதோடு இயந்திரத்தின் அதிர்வும் இரைச்சலும் புகையும் சேரும். நிரப்பிய கருவியின் மொத்த நிறை 25 கிலோவுக்கு மேற்படலாகாதென்பது ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் விதி. இது எல்லையே தவிர இலக்கல்ல. மெலிந்த தேகமுடையவர்களும் பெண்களும் சுமப்பதானால் 10 அல்லது 12 லிட்டர்த் தொட்டியே தக்கது. வீட்டில் 16 லிட்டர்க் கருவிதான் இருக்கிறதென்றால் 10 லிட்டர்க் கோடு வரையில் மட்டும் நிரப்பிக் கொள்ளலாம். நிரப்பும் தடவை சில கூடும், வேறொரு நஷ்டமுமில்லை. பெரிய தொட்டியே லாபம் என்ற எண்ணம் கடையில் தோன்றுவது. வயலில் அது நிற்பதில்லை.

கையால் இயங்குவது, பேட்டரியால் இயங்குவது, பெட்ரோலால் இயங்குவது

இம்மூன்றில் எது உயர்ந்ததென்று கேட்பது ஏரும் பரம்பும் எது உயர்ந்ததென்று கேட்பது போலாம். பயிரையும், பூச்சி எங்கே தங்குகிறதென்பதையும், நிலத்தின் விஸ்தீரணத்தையும், தண்ணீர் எவ்வளவு தூரத்திலிருந்து வரவேண்டுமென்பதையும் பார்த்தே தீர்மானிக்கவேண்டும்.

மணிலாக்கொட்டை தாழ்ந்து படரும் பயிர். சுருள்பூச்சியானது இலைகளை மடித்துப் பிணைத்து அதனுள்ளே இருந்து தின்கிறது. டிக்கா என்னும் இலைப்புள்ளி நோயும் துருநோயும் அடியிலைகளில் தொடங்கி மேலேறுகின்றன. ஆகவே மேலிலையை மாத்திரம் நனைத்துவிட்டுப் போகும் தெளிப்பு பயனற்றது. தெளிகுழலைத் தாழ்த்தி, இருபுறமும் சாய்த்து, செடியின் உள்ளே போகும்படி தெளிக்கவேண்டும். இதற்கு நிதானமாக நடக்கக்கூடிய கைத்தெளிப்பானோ பேட்டரித் தெளிப்பானோ ஏற்றது. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த மணிலா ரகங்கள், டி.எம்.வி. என்று அவ்வூர்ப் பெயரின் எழுத்துக்களைத் தாங்கித் தேசம் முழுவதும் பரவியவை; நல்ல விதையைத் தேடிப்பிடித்து விதைக்கிற குடியானவர், அதைக் காப்பதற்கு ஒழுகுகிற டேங்கை இரவல் வாங்கிவருவது பொருத்தமாயில்லை.

நெற்பயிரில் புகையான் பூச்சி தூரின் அடியில், தண்ணீர் மட்டத்திற்குச் சற்று மேலே கூட்டமாகத் தங்கும். விசைத்தெளிப்பானின் காற்று பயிரின் தலைமேல் பனிபோல் பரவிப் போய்விடுமானால் அடியிலுள்ள பூச்சிக்கு ஒன்றும் நேராது. பயிரை எட்டடிக்கு ஒன்றாகப் பட்டம் பிரித்து, குழல்முனையை அடித்தூருக்கு நேரே பிடித்துக் கைத்தெளிப்பானால் தெளிப்பதே பலன் தரும். இலைசுருட்டுப் புழுவைப்போல் மேலிலையில் வாழும் பூச்சிக்கானால் விசைத்தெளிப்பானும் உதவும்.

விசைத்தெளிப்பானுக்கு ஏக்கருக்குச் சுமார் 60 லிட்டர் தண்ணீர் போதுமானது. கிணறு தூரமாயுள்ள மானாவாரிக் காட்டிலும், பூச்சி திடீரென்று பரவிப் பத்து ஏக்கரை இரண்டு நாளில் முடிக்கவேண்டிய சமயத்திலும் இது பெரிய அனுகூலம். ஆனால் இங்கேதான் அநேகர் தவறு செய்கின்றனர். தண்ணீர் குறைந்ததென்று மருந்தையும் குறைத்துவிடுகின்றனர். அல்லது கைத்தெளிப்பானுக்குப் போட்ட அளவையே டேங்குக்கு டேங்கு போடுகின்றனர். மருந்தின் அளவு ஏக்கருக்கு உரியது, டேங்குக்கு உரியதன்று. லிட்டருக்கு 2 மில்லி வீதம் 200 லிட்டருக்கு 400 மில்லி என்று ஒரு மருந்து சிபாரிசு செய்யப்பட்டால், 16 லிட்டர்க் கைத்தெளிப்பானில் டேங்குக்கு 32 மில்லி. அதே ஏக்கருக்கு 60 லிட்டர் பிடிக்கும் விசைத்தெளிப்பானில் 10 லிட்டர் டேங்குக்கு ஏறக்குறைய 67 மில்லி. அதாவது விசைத்தெளிப்பானிலிருந்து கிளம்பும் பனி மும்மடங்குக்கு மேல் காரமானது; துளிகளும் நுண்ணியவை; காற்றில் வெகுதூரம் போவன; மூச்சில் எளிதாகப் புகுவன. வேகமாக வேலை முடிகிறது என்பதற்காக இதைத் தெரிந்தெடுப்பவர் இந்த அபாயத்தையும் சேர்த்தே தெரிந்தெடுக்கிறார் என்பதை மறக்கலாகாது.

களைக்கொல்லிக்கு விசைத்தெளிப்பான் ஒருபோதும் ஆகாது. பனி பக்கத்துக் கொல்லையில் போய் இறங்கி உளுந்தையும் கத்தரியையும் கருக்கிவிடும். பிறகு வரப்புத் தகராறு பஞ்சாயத்து வரையில் போகும். களைக்கொல்லிக்குக் குறைந்த அழுத்தமும், பெரிய துளியும், தட்டையாக விசிறும் முனையும் வேண்டும். முடிந்தவர்கள் களைக்கொல்லிக்கென்று தனியாக ஒரு கைத்தெளிப்பானை வைத்து, அதன்மேல் அழியாத மையால் எழுதி வைப்பது நல்லது. நெல் வயலில் அகன்ற இலைக் களைகளுக்கு அடித்த மருந்தின் மிச்சம் தொட்டியிலும் குழாயிலும் தங்கி, பத்து நாள் கழித்துக் கத்தரிக்கு அடித்த பூச்சிமருந்தோடு சேர்ந்து செடிகளை முறுக்கிவிட்ட விபரீதம் பல கிராமங்களில் நேர்ந்திருக்கிறது. இரண்டாவது கருவியின் விலை அரை ஏக்கர்க் கத்தரியின் நஷ்டத்திற்கு ஈடாகாது.

பேட்டரித் தெளிப்பான் மேற்கண்ட இரண்டுக்கும் நடுவிலுள்ளது. இடக்கைக்கு ஓய்வு, அழுத்தம் ஒரே சீராக நிற்கும், தெளிப்பும் ஒரே சீராகும். வழக்கமாக வருவது 12 வோல்ட் பேட்டரி. 8 ஆம்பியர்-மணி, 12 ஆம்பியர்-மணி என்று இரண்டு அளவுகளில் கிடைக்கும். ஒருதரம் மின்சாரம் ஏற்றினால் இத்தனை டேங்கு ஓடும் என்று விற்பவர் சொல்லுவது புதுப்பேட்டரிக்கே பொருந்தும். இரண்டாம் வருஷத்தில் அதில் பாதியை நம்பிக் கணக்கிடுவது விவேகம். ஈயப் பேட்டரியை வெறுமையாக்கி அறுவடைக்குப் பின் பரணில் போட்டுவிட்டால், அடுத்த பட்டத்தில் அது உயிர்பெறாது. உபயோகமில்லாத மாதங்களிலும் மாதம் ஒருமுறை மின்சாரம் ஏற்றி வைக்கவேண்டும். கைநெம்பும் பேட்டரியும் இரண்டும் அமைந்த கருவிகளும் விற்கின்றன. அவற்றின் கனம் சற்று அதிகமாயினும், வயலின் நடுவில் பேட்டரி நின்றுபோனால் கலந்த மருந்து வீணாகாமல் கையாலேயே முடித்துவிடலாம். மின்சாரம் நிச்சயமில்லாத கிராமங்களுக்கு இது தகுந்த ஏற்பாடு. எவ்வகையானாலும் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகு உள்ளதா என்று பார்த்தே வாங்கவேண்டும். அது இல்லாத கருவி எப்பொழுதும் முழுவேகத்தில் தெளித்து, துளிகளைப் பனியாக்கிவிடும்.

கரும்புக்கும் மாமரத்திற்கும் முதுகுத் தெளிப்பானே பொருந்தாது. உயர்ந்த பயிரில் தலைக்குமேல் தெளிக்கும்போது மருந்து தெளிப்பவரின் முகத்திலும் மார்பிலும் திரும்பி விழுகிறது. அவற்றிற்குத் தரையில் வைத்து இயக்கும் மிதிதெளிப்பானும், நீண்ட ரப்பர்க்குழாயும், மூங்கில் தெளிகுழலும் வேண்டும். சமீப வருஷங்களில் ஆளில்லா விமானத்தால் தெளிக்கும் முறையும் வாடகைக்கு வந்திருக்கிறது. பரந்த நெல்வெளிக்கு அது உதவலாம். கால் ஏக்கர் அரை ஏக்கராய்ப் பலபயிர்கள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் யோசித்தே செய்யவேண்டும்.

யவத்மால் கற்பித்தது

2017-ம் வருஷத்தில், மஹாராஷ்டிர மாநிலத்து யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிமருந்து தெளித்த குடியானவர்களும் கூலியாட்களும் 20 பேருக்கு மேல் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் கண்மங்கலும் வாந்தியுமாக ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டனர். அதே வருஷத்தில் தமிழ்நாட்டில் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் சிலர் இறந்தனர். அவர்கள் யாரும் மருந்தைக் குடித்தவர்களல்லர், வேலை செய்தவர்கள். யவத்மாலில் அவ்வருஷம் பருத்தி ஆளுயரத்திற்கு வளர்ந்து அடர்ந்திருந்தது; கொடிய மருந்துகள் இரண்டு மூன்றை ஒன்றாகக் கலக்கும் வழக்கமும் இருந்தது; முகமூடியும் கையுறையும் இல்லை; நுண்பனியாய்ச் சீறும் விசைக்கருவிகளும் குற்றஞ்சாட்டப்பட்டன. இவற்றில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் அத்தனை உயிர்ச்சேதம் நேர்ந்திராது. எல்லாம் சேர்ந்ததால் நேர்ந்தது.

மருந்து உடம்பில் ஏறுவது மூச்சின் வழியாக மாத்திரமன்று. தோலின் வழியாகவே அதிகம். ஒழுகும் டேங்கைச் சுமப்பவருடைய முதுகுச்சட்டை நனைந்து, அந்த ஈரம் மணிக்கணக்காகத் தோலோடு ஒட்டியிருக்கிறது. வியர்வையென்று அவர் நினைத்துக்கொள்கிறார். ஆகையால் தெளிப்பான் வாங்குவதில் முதற்பரீட்சை ஒழுக்குப் பரீட்சையே. கடையிலேயே தொட்டியில் சுத்தமான தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கி, உலர்ந்த வெள்ளைச் சட்டையின்மேல் மாட்டிக்கொண்டு, கால்மணி நேரம் நடந்தும், குனிந்தும், பக்கவாட்டில் சாய்ந்தும் பார்க்கவேண்டும். பிறகு இறக்கிவிட்டுச் சட்டையைப் பார்த்தால் கருவியின் யோக்கியதை தெரியும். மூடியின் ரப்பர் வளையம், மூடியிலுள்ள காற்றுத்துளை, குழாய் தொட்டியில் சேருமிடம், விசைப்பிடி, தெளிகுழலின் பூட்டு ஆகிய இவ்விடங்களிலேயே ஒழுக்கு உண்டாகிறது. விசைப்பிடியை விட்டவுடன் தெளிப்பு நிற்கவேண்டும். சொட்டிக்கொண்டே இருக்குமானால் வாங்கலாகாது. இப்படிச் சோதிக்க இடங்கொடாத கடையில் வாங்காதிருப்பதே மேல்.

தோள்வார் விஷயத்தில் குடியானவர்கள் மிகவும் அலட்சியமாக இருக்கின்றனர். மெல்லிய நைலான் நாடாவில் 20 கிலோ தொங்கினால் தோள்பட்டையில் வெட்டும்; இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கை மரத்துப்போகும். வார் இரண்டு அங்குலத்திற்குக் குறையாத அகலமும், தோளின்மேல் படுமிடத்தில் மெத்தையும் உள்ளதாயிருக்கவேண்டும். ஆனால் அம்மெத்தை மருந்தை உறிஞ்சிக்கொள்ளும் பஞ்சாயிராமல் கழுவி உலர்த்தத்தக்கதாயிருப்பது அவசியம். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கொக்கி இருந்தால்தான் உயரமானவரும் குட்டையானவரும் மாறிமாறி மாட்டலாம். இடுப்பு வாரும் இருந்தால் பாரம் தோளிலிருந்து இடுப்பிற்கு இறங்கும். குனியும்போது தொட்டி தலைப்பக்கம் சாயாது. அவசரத்தில் ஒரே இழுப்பில் கழற்றிவிடக்கூடிய கொக்கியாயிருப்பது மிகவும் விசேஷம். தொட்டியின் முதுகுப்புறம் உடம்பின் வளைவுக்கு இணங்கியதாயும், அடிப்பாகம் தரையில் சாயாமல் நிற்பதாயும் இருக்கவேண்டும். வாய் அகலமாயும் ஆழமான சல்லடையுள்ளதாயும் இருந்தால், ஊற்றும்போது மேலே சிந்தாது, குழல்முனையும் அடைபடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்கலாம். அதோடு வாஷர், பிஸ்டன் தோல், குழல்முனை முதலிய உதிரிகள் செஞ்சியிலோ திண்டிவனத்திலோ கிடைக்கின்றனவா என்றும் கேட்டுக்கொள்ளவேண்டும். ஒரு சிறு வாஷர் கிடைக்காமல் நல்ல கருவி மூலையில் கிடப்பதும், கயிறும் துணியும் சுற்றி அதை ஓட்டுவதும் எங்கும் காணும் காட்சி.

கைத்தெளிப்பானின் பம்பில் இரண்டு வகை உண்டு. பிஸ்டன் வகை அதிக அழுத்தம் தரும். பூச்சிமருந்துக்கும் பூசண மருந்துக்கும் ஏற்றது. தோல்தட்டு வகையின் அழுத்தம் குறைவு; ஆனால் நனையும் தூள் மருந்துகளின் உராய்வால் விரைவில் தேயாது; களைக்கொல்லிக்குப் போதுமானது. உள்ளே கலவையைக் கலக்கிவிடும் துடுப்பு அமைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லையேல் தூள்மருந்து அடியில் படிந்து முதல் செண்டுக்குக் காரமும் கடைசிச் செண்டுக்குத் தண்ணீருமாகப் போய்ச்சேரும்.

குழல்முனையும் அளவும்

கருவியில் மிகவும் அற்ப விலையுள்ள பாகம் குழல்முனை. பலனை நிர்ணயிப்பதும் அதுவே. கூம்பு வடிவில் சுழன்று விழும் முனை பூச்சிமருந்துக்கும் பூசண மருந்துக்கும். விசிறிபோல் தட்டையாக விழும் முனையும், அகன்று பாயும் முனையும் களைக்கொல்லிக்கு. மணிலா விதைத்த மூன்றாம் நாள், முளைக்குமுன் நிலத்தின்மேல் தெளிக்கும் களைக்கொல்லியைக் கூம்புமுனையால் தெளித்தால் நிலத்தில் வட்டவட்டமாக விட்டுப்போகும். களையும் வட்டவட்டமாகவே முளைத்துத் தெளித்தவரைக் காட்டிக்கொடுக்கும். முனையின் துளை நாளடைவில் தேய்ந்து பெரிதாகும். புதியதாயிருக்கும்போது ஒரு நிமிஷத்திற்கு எத்தனை மில்லி பிடிக்கிறதென்று அளவுச்சாடியில் பிடித்துக் குறித்து வைத்துக்கொண்டு, பிற்பாடு அது பத்தில் ஒரு பங்கு கூடியதும் முனையை மாற்றிவிடவேண்டும். அடைபட்ட முனையை வாயால் ஊதுவது கொடிய வழக்கம். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை டேங்கோடு கட்டிவைத்தால் அதற்கு இடமேயிராது. கம்பியால் குத்துவதும் துளையைக் கெடுக்கும்.

ஏக்கருக்கு எவ்வளவு கலவை பிடிக்கிறதென்பதைக் கருவியும் நடையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அதை அறிய எளிய வழியுண்டு. 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமுமுள்ள பாத்தியை அளந்துகொண்டால் அது ஏறக்குறைய 5 செண்டு. தொட்டியில் அளந்த வெறுந்தண்ணீரை ஊற்றி, வழக்கமான நடையில், வழக்கமான உயரத்தில் அப்பாத்தியைத் தெளித்து முடித்து, மிச்சத்தை அளந்து கழித்துக்கொள்ளவேண்டும். செலவான தண்ணீரை 20-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கான அளவு வரும். 10 லிட்டர் செலவானால் ஏக்கருக்கு 200 லிட்டர். 16 லிட்டர் டேங்கு ஒன்று 8 செண்டுக்கு வரும். 6 லிட்டரே செலவானால் ஏக்கருக்கு 120 லிட்டர் மாத்திரம். டேங்குக்கு 32 மில்லி வீதம் மருந்து போட்டால் ஏக்கருக்கு 400 மில்லிக்குப் பதிலாக 240 மில்லியே சேரும். பூச்சி சாகவில்லையென்று அடுத்த வாரம் இன்னொரு புதிய மருந்துக்கு ஓடுவதற்குமுன், இந்த அரைமணி நேரப் பரீட்சையைச் செய்துபார்த்தால் செலவு மிச்சமாகும். ஆள் மாறினால் நடையும் மாறுமாகையால், தெளிக்கப்போகிற ஆளைக்கொண்டே இதைச் செய்யவேண்டும்.

தெளிப்பே தேவையா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளவேண்டும். சிவப்புக் கம்பளிப்பூச்சியானது கோடைமழைக்குப் பின் அந்துப்பூச்சியாய் வெளிவரும் நாட்களில் ஊரார் சேர்ந்து விளக்குப்பொறியும் தீமூட்டமும் வைத்து, முட்டைக்குவியல்களையும் சிறுபுழுக்களையும் பொறுக்கி அழித்தால், வளர்ந்து மயிரடர்ந்த புழுக்கள் வரப்புத் தாண்டிப் படையெடுக்கும்போது டேங்கைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதில்லை. கோடையுழவால் கூட்டுப்புழு வெளிப்பட்டு வெயிலிலும் பறவைகளின் வாயிலும் மடிவதும் இதைச் சேர்ந்ததே.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா

ஓர் ஏக்கருக்குக் குறைந்த நிலமுடையவர், பட்டத்திற்கு இரண்டு தடவை தெளிப்பவர், தமக்கென்று விலையுயர்ந்த விசைக்கருவி வாங்குவது அநாவசியம். ஒழுகாத ஒரு கைத்தெளிப்பான் அவருக்குப் போதும். இரண்டு முதல் ஐந்து ஏக்கர் வரையில் மணிலாவும் நெல்லும் காய்கறியும் பயிரிடுபவருக்குக் கைநெம்பும் பேட்டரியும் சேர்ந்த கருவி ஒன்றும், களைக்கொல்லிக்குப் பழைய கைத்தெளிப்பான் ஒன்றும் இருப்பது உத்தமம். பெட்ரோல் விசைத்தெளிப்பானை நாலைந்து குடியானவர் கூட்டாக வைத்துக்கொள்ளலாம். அல்லது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சிலவற்றில் வாடகைக்குக் கிடைக்குமாகையால் அங்கே கேட்கலாம். கூட்டுக் கருவிக்குக் கழுவுகிறவர் இவர், பழுதுபார்க்கிறவர் இவர் என்று முன்னதாகவே பொறுப்பு வைக்காவிட்டால் ஒரே பட்டத்தில் அது இரும்புச்சாமானாகிவிடும்.

கருவிகளுக்கு அரசாங்க மானியம் கிடைக்கும் திட்டங்கள் உண்டு. அதன் விகிதமும் நிபந்தனையும் வருஷத்திற்கு வருஷம் மாறுவதால், வாங்குமுன் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரித்துக்கொள்வது முறை. வாங்கியபின் கேட்டால் பெரும்பாலும் பயனிராது. சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று முதலியவை வேண்டியிருக்கும். அடங்கலில் பயிர் சரியாகப் பதிவாகாமையால் விண்ணப்பம் திரும்பிவருவதுண்டு. கிராம நிர்வாக அலுவலர்கள் பட்டத்திற்குப் பட்டம் பயிரைப் பார்த்துப் பதிவு செய்வது இவ்விஷயத்திலும் குடியானவர்களுக்குப் பேருதவியாகும். மானியத்தில் வந்ததென்பதற்காக ஒழுக்குப் பரீட்சை செய்யாமல் பெற்றுக்கொள்வது தகாது.

சுமப்பவருக்குச் செய்யவேண்டியவை

1968-ம் வருஷத்துப் பூச்சிமருந்துச் சட்டத்தின்கீழ் 1971-ல் ஏற்பட்ட விதிகளின்படி, மருந்தைக் கையாளுபவருக்குக் காப்புடை அவசியமாகும். முழுக்கைச் சட்டை, முழுக்காற்சட்டை, ரப்பர்க் கையுறை, காலுக்கு ரப்பர்ச் செருப்பன்றி மூடிய பூட்சு, மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி, கண்ணாடி ஆகிய இவற்றை வாங்கிக் கொடுப்பது நிலத்துக்காரரின் கடமை. துண்டை மூக்கில் கட்டுவது போதாது. நனைந்த துண்டு மருந்தை மூக்கருகிலேயே நிறுத்திவைக்கிறது. மருந்துப்புட்டியின் சீட்டிலுள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்களில் சிவப்பே மிகக் கொடியது. பச்சை எல்லாவற்றிலும் குறைந்த நஞ்சுள்ளது. ஒரே பூச்சிக்குப் பச்சை முக்கோண மருந்து இருக்கையில் சிவப்பை வாங்குவது சுமப்பவருக்குச் செய்யும் அநீதி.

காற்றுக்கு எதிரே நடக்கலாகாது. காற்றின் குறுக்கே, தெளித்த பாகம் காற்றடிக்கும் பக்கத்தில் ஒதுங்கும்படி நடந்தால் பனி உடம்பில் படாது. குழலை முன்னே நீட்டிக்கொண்டு நடப்பவர், தாம் நனைத்த செடிகளுக்குள்ளேயே தம் காலை வைத்துச் செல்கிறார். பக்கவாட்டில் பிடித்து நடப்பது நலம். அதிகாலையிலோ மாலையிலோ தெளிக்கவேண்டும். உச்சிவெயிலில் வியர்த்த தோல் மருந்தை விரைவில் ஏற்கும். ஓர் ஆளையே நாள் முழுவதும் சுமக்க விடாமல், இரண்டு மூன்று டேங்குக்கு ஒருதரம் ஆள் மாற்றிக்கொள்வது வழக்கமாகவேண்டும். டேங்குக்கு இவ்வளவென்று கூலி பேசுவதினால் அவசரமும் ஓட்டமும் உண்டாகின்றன. நேரத்திற்குக் கூலி பேசினால் நடை நிதானப்படும்.

தலைசுற்றல், அதிக வியர்வை, வாயில் எச்சிலூறல், வாந்தி, கண் மங்கல், கண்ணின் கருமணி சுருங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே கருவியை இறக்கி, நனைந்த துணியைக் களைந்து, சோப்பும் தண்ணீரும் கொண்டு உடம்பைக் கழுவி, 108 ஆம்புலன்சுக்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். மருந்துப் புட்டியையோ அதன் சீட்டையோ கூடவே கொடுத்தனுப்புவது அவசியம். டாக்டர் கொடுக்கவேண்டிய மாற்றுமருந்து அதைப் பொறுத்தது. மோர், இளநீர் என்று வீட்டிலேயே கொடுத்துக் காலங்கடத்துவது அபாயம்.

வேலை முடிந்தவுடன் தொட்டியை மூன்று தடவை சுத்தத் தண்ணீரால் அலசி, அத்தண்ணீரைத் தெளித்த வயலிலேயே குழல்முனை வழியாகத் தெளித்துவிடவேண்டும். கிணற்றடியிலும், ஏரிக்கரையிலும், வாய்க்காலிலும் டேங்கைக் கழுவுவதை ஊர்ப்பொதுவில் தடுப்பது நல்லது. மாடு குடிப்பதும் மீன் வாழ்வதும் அந்தத் தண்ணீரில்தான். காலிப்புட்டிகளையும் மும்முறை அலசித் துளையிட்டுப் போடவேண்டும். எண்ணெய் வாங்கவும் விதை வைக்கவும் அவற்றை எடுப்பது கூடாது. பிறகு கருவியை மூடி திறந்தபடி தலைகீழாகக் கவிழ்த்து நிழலில் உலர்த்தி, பிஸ்டனுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வாஷர்களைப் பார்த்து, பேட்டரியைத் தனியே கழற்றி, குழந்தைகள் நுழையாத அறையில், தானியத்திற்கும் தீவனத்திற்கும் விலகிப் பூட்டி வைக்கவேண்டும்.